ஒரு சிலம்பு, இரு மொழிகள்

சிலப்பதிகாரத்தைப் படிக்கும் ஈழத்து வாசகர் எவரும் ஓரிடத்தில் சற்றே நின்றுவிடுவர். சேரன் செங்குட்டுவன் வஞ்சியிலே பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது அங்கிருந்த அரசர்களுள் ஒருவனாக இலங்கை வேந்தன் கயவாகுவை இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகுவே அவன் எனக் கொண்டு, தமிழிலக்கியத்தின் காலக்கணக்கையே வகுத்தவர்கள் பலர்.

ஆனால், நேயர்களே, கஜபாகு எழுப்பிய விகாரைகளைச் சொல்லும் மகாவம்சம், அவனது வஞ்சிப் பயணம் பற்றி மூச்சுவிடவில்லை. பத்தினியின் சிலம்பை அவன் கொண்டுவந்தான் என்று எழுதுவது, பதினேழாம் நூற்றாண்டளவில் உருப்பெற்ற இராஜாவலிய. இடைவெளி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள்! பத்தினி வழிபாடு பற்றி 1984இல் பெருநூல் வெளியிட்ட பேராசிரியர் கணநாத் ஒபயசேகர, கஜபாகு கதையை வரலாறாகக் கொள்ளலாகாது என்றார். தென்னிந்தியாவிலிருந்து, சிறப்பாகக் கேரளத்திலிருந்து, வந்து குடியேறியவர்களோடு இவ்வழிபாடும் வந்தது என வாதிட்டார். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. மன்னன் சிலம்பைச் சுமந்து வந்தான் என்பதிலும், மக்கள் தம் தெய்வத்தைக் கூடவே அழைத்து வந்தனர் என்பது இயல்பன்றோ?

இதற்குக் கதையே சாட்சி. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் 'கண்ணகி வழக்குரை'யில், கண்ணகி மாங்கனியில் பிறக்கிறாள். பாண்டியனுக்கு நெற்றிக்கண் உண்டு. குழந்தை பேழையில் வைத்து நீரில் விடப்படுகிறது. இவை எவையும் சிலப்பதிகாரத்தில் இல்லை. ஆனால் சிங்கள மக்களின் 'கம்மடுவ' சடங்கில் பாடப்படும் 'பந்திஸ் கோல்முற' என்னும் முப்பத்தைந்து பாடல் தொகுதிகளில் அதே மாங்கனியும் அதே நெற்றிக்கண் பாண்டியனும் வருகின்றனர். கோவலன் அங்கே பாலங்க ஆகிறான். அதாவது, ஈழத்துத் தமிழ்க் கண்ணகி, இளங்கோவின் கண்ணகியைவிடச் சிங்களப் பத்தினிக்கே நெருங்கிய உறவினள்.

விளையாட்டிலும் இவ்வுறவு உண்டு. கிழக்கிலே வடசேரி, தென்சேரி எனக் கோவலன் கட்சியாகவும் கண்ணகி கட்சியாகவும் ஊர் பிரிந்து கொம்பு முறிப்பார்கள். சிங்களக் கிராமங்களில் இதுவே 'அங் கெலிய'. கட்சிகளின் பெயர் உடுபில, யட்டிபில. இருசாராரும் அம்மை முதலிய நோய் தணியவே அவளை வேண்டினர்.

பௌத்தர் நடுவில் இவளுக்கு இடம் கிடைத்தது எப்படி? மணிமேகலையைப் புரட்டுங்கள். வஞ்சிக் கோட்டத்திலே கண்ணகித் தெய்வம் மணிமேகலையோடு பேசுகிறது. பல பிறவி கடந்து, புத்தர் அறங்கேட்டுத் தானும் கோவலனும் வீடுபெறுவோம் என்கிறது. சிங்கள மரபோ ஒருபடி மேலே சென்று, வருங்காலத்தில் புத்தராகவே ஆக நோற்பவள் என்கிறது. கண்டியில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களோடு நான்காவதாகப் பத்தினி தேவாலயம் இருக்கிறது. எசல பெரஹரவில் அவளுக்கும் ஊர்வலம் உண்டு.

கண்டிவரை போக வேண்டியதுமில்லை. நான் குடியிருக்கும் மாளிகாவத்தையிலிருந்து களனி கங்கையை எதிர்த்துக் கிழக்கே சென்றால், கடுவலைக்கு அப்பால் நவகமுவ பத்தினி தேவாலயம். பக்கத்திலேயே விகாரை. கஜபாகு கட்டியது என்பது ஊர் ஐதீகம்.

இனி நம் பக்கத்தையும் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலும் ஒருகாலத்தில் ஊருக்கு ஊர் கண்ணகி இருந்தாள். ஆறுமுக நாவலர் (1822 – 1879) அவளைச் சமண வணிகர் குலத்துப் பெண் என்று கூறி, சைவர் வழிபடலாகாது எனக் கண்டித்தார். ஆகமவழிச் சைவம் ஓங்க, பல கோயில்களில் அவள் இராஜராஜேஸ்வரியாகவும் புவனேஸ்வரியாகவும் பெயர் மாறினாள். வற்றாப்பளையும் காரைதீவும் தம்பிலுவிலும் பழைய பெயரை விடவில்லை. நாவலரின் தமிழ்ப்பணிக்குத் தலைவணங்குபவன் நான். ஆயினும் இந்த ஒன்றில் இழப்பு நமக்கே என்பேன். சிங்களவர் பத்தினியாகப் போற்றியவளை நம்மவரில் ஒரு பகுதியினர் அந்நியள் என்று விலக்கினோம். பின்னர், தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவாக இங்கே என்ன உண்டு என்றும் கேட்டோம்.

கண்ணகி யாருடையவள் என்ற வழக்கு இங்கே வேண்டாம். வித்துவான் வி.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்துத் தந்த 'கண்ணகி வழக்குரை' நம்மிடம் உள்ளது. சிங்களப் பாடல்களை ஒபயசேகர திரட்டித் தந்திருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க, இரு மொழியும் அறிந்த இளைஞர்கள் முன்வர வேண்டும். நீதி கேட்டு அரசவை ஏறியவளை இரு மொழியிலும் தாய் என்றே அழைத்திருக்கிறோம் என்பது, அப்போது பிறர் சொல்லாமலே விளங்கும்.