மூத்த குமாரனும் கிருபையும்: பட்ரீஷியா செயின்ட் ஜானின் சிறார் நாவல் ஒன்றை முன்வைத்து

கிருபையைச் சிறுவர்களுக்குக் கதையாகச் சொன்ன ஐரோப்பியக் கிறித்தவ எழுத்தாளர்கள் பெரும்பாலும் வழிதவறிய ஆளையே நடுவில் நிறுத்தினார்கள். லூக்கா 15ஆம் அதிகாரத்து உவமையில் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த இளைய குமாரனே அவர்களுக்கு முன்மாதிரி. யோஹன்னா ஸ்பைரியின் 'ஹைடி'யில் (1880) பேத்தி அந்த உவமையை வாசித்துக் காட்டுகிறாள். ஊரோடு உறவறுத்திருந்த தாத்தா மறுநாளே தேவாலயத்துக்குப் போகிறார். சி. எஸ். லூயிஸின் முதல் நார்னியா நாவலில் (1950) உடன்பிறந்தோருக்குத் துரோகம் செய்த எட்மண்டுக்காக அஸ்லான் என்ற சிங்கம் உயிரைக் கொடுக்கிறது. கிருபை யாருக்குத் தேவை என்பதில் இவ்விரு கதைகளிலும் வாசகருக்குச் சந்தேகம் எழாது. அந்தச் சந்தேகத்தை எழுப்பியதுதான் பட்ரீஷியா செயின்ட் ஜான் (1919–1993) எழுதிய 'ட்ரெஷர்ஸ் ஆஃப் தி ஸ்னோ' நாவலின் தனிச்சிறப்பு. அதுவும் 1950இல் வெளிவந்தது.

சுவிஸ் ஆல்ப்ஸ் மலைக் கிராமம். தாயில்லாத தம்பி டானியை ஆனெட் வளர்க்கிறாள். அவள்மேல் கோபம் கொண்ட லூசியன், டானியின் பூனைக்குட்டியைப் பள்ளத்தின் மேலே தூக்கிப் பிடித்து மிரட்டுகிறான். குட்டி கைநழுவுகிறது, அதைக் காப்பாற்றப் போன டானி விழுந்து கால் ஊனமாகிறான். இதுவரை நியாயம் முழுக்க ஆனெட் பக்கம். ஊரும் அவள் பக்கம். ஆசிரியர் இந்த நியாயத்தைத்தான் சோதிக்கிறார். பள்ளிப் போட்டிக்காக லூசியன் செதுக்கிய மரக்குதிரையை ஆனெட் உடைத்துவிடுகிறாள். அவளைத் தவிர யாருக்கும் தெரியாத குற்றம் அது. லூசியனுடைய பாவம் ஊரறிந்தது. அவன் தண்டனையும் ஊரறிந்தது. ஆனெட்டோ நல்ல பிள்ளை என்ற பெயரோடு உள்ளுக்குள் வதைபடுகிறாள். மன்னிக்க மறுத்த நெஞ்சுக்கு ஜெபமும் வராமல் போவதை நாவல் பொறுமையாக, அவசரமில்லாமல் காட்டுகிறது. சிறார் இலக்கியத்தில் இவ்வளவு நேர்மையான பக்கங்கள் அரிது.

மற்றக் கதைகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும். மேரி மார்த்தா ஷெர்வுட்டின் 'ஃபேர்சைல்ட் குடும்பம்' (1818) சண்டையிட்ட பிள்ளைகளைத் தூக்குமரத்தில் தொங்கும் பிணத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே பாடம் அச்சத்தால் வருகிறது. லூயிஸிடம் அச்சம் விலகிவிட்டது. ஆனாலும் அஸ்லான் எட்மண்டோடு தனியே பேசியபின், உடன்பிறந்தோரின் மன்னிப்பு சில வரிகளில் முடிந்துவிடுகிறது. காயப்பட்டவர்கள் எப்படி மன்னித்தார்கள் என்று அவர் நின்று கேட்கவில்லை. செயின்ட் ஜானின் நாவல் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் நடக்கிறது.

ஒரு மறுப்பு எழலாம். இறுதியில் லூசியன் பனிப்புயலில் மலைக்கணவாயைத் தனியே கடந்து, டானியைக் குணமாக்கக்கூடிய மருத்துவரைத் தேடிப் போகிறான். அப்படியானால் மன்னிப்பை அவன் உழைத்துச் சம்பாதித்தான் என்றாகாதா? நிகழ்ச்சிகளின் வரிசை இதற்குப் பதில் சொல்கிறது. பனியில் கால் சுளுக்கிக் கிடந்த ஆனெட், உதவ வந்த லூசியனிடம் தன் குற்றத்தைச் சொல்லி ஒப்புரவாவது அந்தப் பயணத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது. மன்னிப்பு முதலில், சாகசம் பிறகு. எனினும் டானியின் கால் குணமாவது கதையைத் தேவைக்கு மேல் இனிப்பாக்குகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவன் ஊனத்தோடே வாழ்ந்திருந்தாலும் ஆனெட்டின் மன்னிப்பு குறைபட்டிருக்காது; இன்னும் உறுதியாக நின்றிருக்கும்.

லூக்காவின் உவமையில், திரும்பிவந்த தம்பிக்கான விருந்தில் சேர மறுத்து வெளியே நின்ற மூத்த குமாரன் கடைசியில் வீட்டுக்குள் வந்தானா என்பது சொல்லப்படவில்லை. ஆனெட் நிற்பதும் அவனுடைய இடத்தில்தான். செயின்ட் ஜான் ஆனெட்டை உள்ளே வரவைக்கிறார், அதுவும் தானும் கடனாளி என்று அவள் உணர்ந்த பிறகு. ஞாயிறு பள்ளிகளில் இக்கதையைச் சுருக்கிச் சொல்பவர்கள் பனிப்புயலை விட்டாலும் விடலாம். உடைந்த மரக்குதிரையை விட்டுவிடக் கூடாது.