தலையணை உறையில் பூத்த ரோஜா

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற சாலையில், கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது தியாகதுருகம். நிமிர்ந்து பார்த்தால் மலை, மலைமேல் கோட்டை. 1790-ன் கடைசியில் திப்பு சுல்தானின் படை இந்தக் கோட்டையைப் பிடிக்க வந்தது. உள்ளே இருந்து எதிர்த்து நின்றவர் கேப்டன் ஃபிளின்ட். பத்து வருடத்துக்கு முன்பு வந்தவாசிக் கோட்டையை ஹைதர் அலியிடம் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றிய அதே ஆள். தியாகதுருகத்தையும் அவர் விடவில்லை. திப்பு திருவண்ணாமலைப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

தியாகதுருகம் என்றதும் சரித்திரப் புத்தகம் சொல்வது இவ்வளவுதான். யார் தாக்கினார், யார் காத்தார், யார் பின்வாங்கினார்! அந்த மலைக்குக் கீழே இருக்கிற வீடுகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது கல்வெட்டில் இல்லை. டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய பட்டுப்புடவைக்கும் கீழே, நாப்தலின் உருண்டை வாசனையோடு மடித்துக் கிடக்கிறது. வாங்க, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒருவர் இல்லை. 1950-களில் பிறந்து, 70-களில் கல்யாணமாகி, இந்த மாதிரி சின்ன ஊருக்கு வாழ வந்த ஆயிரமாயிரம் அம்மாக்களைச் சேர்த்துச் செய்த ஒரு அம்மா. உங்கள் அம்மாவின் ஜாடை தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பெட்டியில் முதலில் கிடைப்பது ஒரு தலையணை உறை. வெள்ளைத் துணியில் சிவப்பு ரோஜா, பச்சை இலை, சில சமயம் ஒரு ஜோடிக் கிளி. சங்கிலித் தையல், காம்புத் தையல் எல்லாம் அச்சு வார்த்த மாதிரி இருக்கும். இது கல்யாணத்துக்கு முன்னால் போட்டது. பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்தது. அப்போதெல்லாம் 'கைவேலை தெரியுமா?' என்பது பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளில் ஒன்று. பாட்டு, சமையல், கோலம், அப்புறம் எம்ப்ராய்டரி!

இந்த எம்ப்ராய்டரி வகுப்பு எங்கிருந்து வந்தது? ஊசியும் நூலும் நமக்குப் புதுசு இல்லை. ஆனால் பெண் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து, பள்ளிப் பாடமாகவே ஊசிவேலை கற்றுக்கொடுப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய பழக்கம். அதில் மிஷனரிப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்ற பெண்மணி, பெண் குழந்தைகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார். படிப்போடு லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அங்கே லேஸ் பின்னிய சில பெண்கள், அதில் வந்த காசைச் சேர்த்து, தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள்! திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே ஊசி முனையால் சில பெண்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டார்கள்.

நாகர்கோவிலில் விடுதலைக்கு வழியான அதே ஊசிவேலை, நூற்றைம்பது வருடம் கழித்துக் கல்யாணச் சந்தையில் ஒரு தகுதியாக மாறியிருந்தது. இருக்கட்டும். ஆனாலும் அந்த ரோஜாவில் ஒரு விசேஷம். அது யாருக்கும் தேவைப்பட்டுப் போட்டதில்லை. ரோஜா இல்லாவிட்டாலும் தலையணையில் தூக்கம் வரும். அந்தப் பெண்ணுக்குப் பிடித்திருந்தது, போட்டாள். அவ்வளவுதான்.

பெட்டியில் அடுத்த அடுக்குக்குப் போவோம். குழந்தையின் உல்லன் குல்லா, கால் உறை, முடிச்சுப் போடுகிற ஜபலா சட்டை. முதல் பிள்ளை பிறந்துவிட்டது! இனிமேல் ரோஜாவுக்கு நேரமில்லை. கை சும்மா இருக்காதுதான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது இனிமேல் அம்மா இல்லை, தொட்டிலில் கிடக்கிற ஆள்! பழைய வேட்டி தொட்டில் துணியாகிறது. நைந்துபோன நூல் புடவைகளை நான்காக மடித்து, ஓரம் தைத்து, மெத்தை விரிப்பாக்குகிறார். வங்காளத்தில் இதையே 'காந்தா' என்று சொல்லி, இன்றைக்கு ஆயிரக்கணக்கில் விலை வைக்கிறார்கள். நம்ம ஊரில் அதற்குப் பேர் 'பழைய புடவை'!

இரண்டாவது பிள்ளை, மூன்றாவது பிள்ளை... 1971-ல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறந்த குழந்தைகள் 3.9. சராசரியே இது என்றால், ஐந்தும் ஆறும் பெற்றவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பாவாடை, சட்டை, டிராயர் வேண்டும். கையால் தைத்துக் கட்டுப்படியாகாது. இந்தக் கட்டத்தில்தான் வீட்டுக்குள் ஒரு கனமான விருந்தாளி நுழைகிறது. தையல் மெஷின்!

இதன் கதை ஒரு சினிமா மாதிரி. பிரான்ஸில் பார்தெலமி திமோனியே என்ற தையல்காரர் 1830-ல் ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ராணுவ உடுப்பு தைக்கப் பட்டறை போட்டார். மறு வருடமே மற்ற தையல்காரர்கள் கும்பலாகப் புகுந்து இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். 'எங்க பிழைப்புல மண்ணு போடறியா?' என்ற கோபம். பிறகு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்றார். 1851-ல் ஐசக் சிங்கர் வந்தார். கையால் 14 மணி நேரத்துக்கு மேல் பிடித்த ஒரு ஆண் சட்டையை, மெஷினில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஆனால் விலை? நூறு டாலருக்கு மேல். சாதாரணக் குடும்பம் கிட்டே போக முடியாது. சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் ஒரு வழி கண்டுபிடித்தார். கொஞ்சம் முன்பணம் கொடுங்கள், மெஷினை எடுத்துப் போங்கள், மீதியை மாதாமாதம் கட்டுங்கள்! 1856-ல் இது ஆரம்பம். இன்று நாம் டி.வி-க்கும் செல்போனுக்கும் கட்டுகிற தவணைக்கு இந்தத் தையல் மெஷின்தான் கொள்ளுப்பாட்டி.

மகாத்மா காந்திக்கு இயந்திரங்கள் என்றாலே ஆகாது என்று நினைக்கிறோம். ஆனால் சிங்கர் தையல் மெஷினுக்கு அவர் விலக்குக் கொடுத்தார். 1924-ல் ஜி.ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர், 'எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா?' என்று கேட்டபோது, சிங்கர் மெஷினை உதாரணம் காட்டினார் காந்தி. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், அன்பினால் சிங்கர் உருவாக்கியது என்பது காந்தி சொன்ன காரணம். (கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பிற்பாடு டாக்டர் சௌந்தரத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, 1947-ல் நம்ம காந்திகிராமத்தை உருவாக்கியவர்.)

நிஜ சிங்கர் வேறு மாதிரி. மேடை நடிகர். பல பெண்களோடு குடும்பம் நடத்தி, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பனானவர்! மனைவிக்காக உருகி மெஷின் செய்கிற ஆள் இல்லை. ஆனால் காந்தி தொட்ட விஷயம் நிஜம். தைத்துத் தைத்துச் சலிக்கிற மனைவி இருந்தாள், உலகம் முழுக்க இருந்தாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், சிங்கர் கம்பெனியின் இந்திய முகவராக இருந்தவர் நசர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்ற பார்சிக்காரர். அவருக்கு ஒரு தலைவலி. புடவைக்கும் வேட்டிக்கும் தையலே தேவையில்லையே, மெஷினை யார் வாங்குவார்? கடைத்தெரு தையல்காரர்கள்தான் முக்கியமான வாடிக்கையாளர்கள். ரவிக்கையும், பாவாடை சட்டையும், பள்ளி யூனிஃபார்மும் பரவப் பரவத்தான் மெஷின் வீட்டுத் திண்ணை ஏறியது. 1930-களின் நடுவில் கல்கத்தாவில் பிஷன் தாஸ் பாசில் என்பவர் சுதேசி மெஷின் செய்து, அதற்குத் தன் மகளின் பெயரையே வைத்தார்: உஷா! 1938-ல் லாலா ஸ்ரீராம் அந்தக் கம்பெனியைக் கையில் எடுத்தார். அப்புறம் உஷா இல்லாத தெருவே இல்லை என்றாகிவிட்டது.

தியாகதுருகத்து அம்மாவிடம் திரும்புவோம். மெஷின் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரிகள் வந்தார்கள். 'அக்கா, ஒரு ஜாக்கெட் தைச்சுக் குடுங்களேன்.' முதலில் சும்மா. அப்புறம் நூல் காசு. அப்புறம் கூலி. அந்தக் கூலி வீட்டில் என்ன ஆகும் தெரியுமா? பிள்ளையின் நோட்டுப் புத்தகம், தீபாவளிச் சீட்டு, திடீர் விருந்தாளிக்குக் காப்பித்தூள். அப்பாவின் சம்பளத்துக்குக் கணக்கு உண்டு. இதற்குக் கணக்கு கிடையாது. 'சும்மா வீட்ல இருக்கா, பொழுதுபோக்கா தைக்கிறா' என்றுதான் ஊரே சொல்லும்.

இதை முதலில் 'வேலை' என்று அங்கீகரித்த பெரிய ஏற்பாடுகளில் ஒன்று அரசாங்கத்தினுடையது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்குத் தமிழக அரசு இலவசமாகத் தையல் மெஷின் கொடுக்கிறதே, அந்தத் திட்டம் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1989-ல் தர்மபுரியில் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. அடுத்த சில வருடங்களில் அது சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் வந்தது. அன்றைக்குத் தியாகதுருகம் தென்னாற்காடு மாவட்டம்தான். பிறகு விழுப்புரம், 2019-லிருந்து கள்ளக்குறிச்சி. மாவட்டம் மூன்று மாறிவிட்டது, மெஷின் அதே மூலையில்தான் நின்றது.

எண்பதுகளுக்குப் பிறகு காட்சி மாறியது. திருப்பூர் எழுந்தது. ரெடிமேட் துணி மலிந்தது. பண்டிகைக்கு அம்மா தைத்த சட்டையைப் போட்டுக்கொள்ள வளர்ந்த பிள்ளைகள் கூச்சப்பட்டார்கள். 'கடையில வாங்கிக் குடும்மா!' அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மெஷின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். கைக்கு வேறு வேலை தேடியது. வந்தது வயர் கூடை. சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண்... மத்தியானச் சமையல் முடிந்து, திண்ணையில் நாலு பெண்கள் உட்கார்ந்தால், பேச்சோடு பேச்சாகக் கூடை வளரும். ஒன்று டிபன் கேரியருக்கு, ஒன்று சந்தைக்கு, ஒன்று கல்யாணமாகிப் போன மகளுக்கு.

பிளாஸ்டிக் பை வந்து அந்தக் கூடையையும் ஓரங்கட்டியது. ஆனால் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021-ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. பரணில் கிடந்த கூடை கீழே இறங்கியது. 2020-ல் கொரோனா வந்தபோது, மூடிக்கிடந்த மெஷின்களும் சத்தம் போட்டன. தமிழ்நாடு முழுக்க சுய உதவிக் குழுப் பெண்கள் லட்சக்கணக்கில் முகக்கவசம் தைத்துத் தள்ளினார்கள். ஊரே முடங்கிக் கிடந்த நாளில் ஓடியது, 'பொழுதுபோக்கு' என்று நாம் சொன்ன அந்த மெஷின்!

இப்போது அடுக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். தலையணை உறை தனக்காக. குல்லா குழந்தைக்காக. பாவாடை சட்டை குடும்பத்துக்காக. ஜாக்கெட் கூலிக்காக. கூடை ஊருக்காக. குடும்பம் பெரிதாகப் பெரிதாகக் கைவேலையும் பெரிதானது. அதில் அம்மாவின் பங்குதான் சின்னதாகிக்கொண்டே வந்தது. அந்த ரோஜாவுக்குப் பிறகு, தனக்கென்று அவர் எதுவும் போடவில்லை.

இது பழங்கதை, இப்போது மாறிவிட்டது என்பீர்கள். 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குக் குழந்தைகள் 1.8 தான். குடும்பம் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. நேரம் கூடியிருக்க வேண்டுமே? 2019-ல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு சர்வே எடுத்தது. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குக் கொடுப்பது ஒரு நாளைக்கு 299 நிமிடம். ஆண்கள்? 97 நிமிடம். அதிலும் அந்த வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் கணக்கில் எடுத்தால்தான் இந்த 97!

இன்றைய இளம் அம்மாக்கள் ஆரி வொர்க் கற்றுக்கொள்கிறார்கள். குரோஷே பொம்மை பின்னுகிறார்கள். போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டு ஆர்டர் பிடிக்கிறார்கள். ஆரி வேலை செய்த கல்யாண ஜாக்கெட் ஒன்று பல ஆயிரத்துக்குப் போகிறது. நல்ல விஷயம். அவர்களின் அம்மாக்களுக்குக் கிடைக்காத விலை இவர்களுக்காவது கிடைக்கட்டும். ஆனால் விற்பதற்கும் இல்லாமல், பிள்ளைக்கும் இல்லாமல், தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு ரோஜா போட, அவர்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கிறதா?

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைக்குக் கிடைத்த மரியாதை, சந்தோஷம். வீட்டுக்குள் இருக்கிற கைகளுக்கு எந்தக் குறியீடும் வராது. அதை நாம்தான் கொடுக்க வேண்டும். இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், தட்டை நீங்களே கழுவி வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். 'கல்யாணத்துக்கு முன்னாடி நீ என்னம்மா தைச்சுக்கிட்டு இருந்தே?'

பதில் வரக் கொஞ்ச நேரமாகும். இந்தக் கேள்வியை ரொம்ப நாளாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பொறுமையாக இருங்கள்.