கப்பலில் வந்து வன்னிக் காடு பார்க்க எந்த மாதம் நல்லது?

கடந்த மார்கழியில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வர என் சித்தப்பா குடும்பம் ஆயத்தமானது. சுண்டிக்குளத்துப் பூநாரைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்பது அவரது ஆசை. கடல் கொந்தளித்தது, கப்பல் ஓடவில்லை. வட்டக்கச்சியில் நாங்கள் காத்திருந்ததுதான் மிச்சம்.

நாகபட்டினம் – காங்கேசன்துறை கப்பல் சேவை 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கியது. பயணம் சுமார் நான்கு மணித்தியாலம். வடகீழ்ப் பருவமழையில் சேவை நிறுத்தப்படுவதுண்டு. வலசைப் பறவைகளோ அந்த மழையோடுதான் வருகின்றன. கடல் அடங்கி, பறவைகளும் இன்னும் திரும்பாதிருக்கும் மாசி, பங்குனியே இரண்டுக்கும் பொருந்தும் காலம்.

இறங்கிய அன்றே காட்டுக்குப் புறப்படாதீர்கள். ரயிலிலோ ஏ9 வீதியாலோ கிளிநொச்சி வந்து தங்குங்கள். மறுநாள் இரணைமடுக் குளம். அதன் மேலதிக நீர் கனகராயன் ஆற்றால் சென்று சேரும் சுண்டிக்குளம் மூன்றாம் நாள். 1938 இல் பறவைகள் சரணாலயமான அது, 2015 முதல் தேசியப் பூங்கா. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் பாதையை விட்டு இறங்கவேண்டாம். திரும்பும் கப்பல் தாமதிக்கலாம். இரண்டு நாளையாவது மேலதிகமாக வைத்திருங்கள்.

சித்தப்பா இம்முறை பங்குனிக்குத்தான் வருகிறார்.