கஹ்ரபாவும் கதிரவனும்

அரபு மொழியில் மின்சாரத்தைக் ‘கஹ்ரபா’ என்பர். பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல்லின் பொருள் ‘துரும்பைக் கவர்வது’. தேய்த்தால் துரும்பை ஈர்க்கும் மஞ்சள்நிறப் பிசின்மணிக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. அந்த ஆற்றல் விண்ணிலும் தொழிற்படுகிறதா என்னும் வினா பழமையானது. அதற்கு ‘ஆம்’ என்றவர்கள் ஓரிடத்தில் வென்றதும் வேறோரிடத்தில் தோற்றதும் அறியத்தக்க வரலாறு.

1859 செப்டம்பர் 1ஆம் நாள், இங்கிலாந்தில் காரிங்டன் என்பார் சூரியனின் முகத்தில் திடீரென ஓர் ஒளிப்பிழம்பைக் கண்டார். மறுநாள் பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானி பெரும் வீழ்ச்சியைப் பதிவு செய்தது. மேல்நாடுகளில் தந்திக் கம்பிகளில் தானாகவே மின்சாரம் பாய்ந்தது. ஆயினும் கெல்வின் பிரபு, காந்தப் புயல்களுக்குச் சூரியன் காரணமாக இருத்தல் இயலாது என 1892இல் வாதிட்டார்.

நார்வே நாட்டு பிர்க்லாந்து இதற்கு உடன்படவில்லை. காற்று நீக்கிய கலத்தினுள் காந்த உருண்டையொன்றை வைத்து மின்கதிரைப் பாய்ச்சினார்; அதன் துருவங்களைச் சுற்றி ஒளி படர்ந்தது. சூரியனிலிருந்து வரும் மின்துகள்களே துருவ ஒளிக்குக் காரணம் என்றார். 1917இல் அவர் மறைந்தபின்னும் சாப்மன் போன்ற பேரறிஞர்கள் அவர் கூறிய மின்னோட்டங்களை ஏற்கவில்லை. சுவீடனின் ஆல்வேன் மட்டும் விடாது ஆதரித்தார். 1960, 70களில் செயற்கைக்கோள்கள் அம்மின்னோட்டங்களை நேரில் அளந்தன. புறக்கணிக்கப்பட்டவர் கூற்றே மெய்யாயிற்று.

இவ்வெற்றியைக் கண்ட சிலர் எல்லை கடந்தனர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வெல்டிங் சுடரைக் கண்டவர்க்கு, சூரியனும் அத்தகைய சுடர்தானோ எனத் தோன்றுவது இயல்பு. அமெரிக்கப் பொறியாளர் ஜூர்கென்ஸ் 1970களில் அதனையே கொள்கையாக்கினார். சூரியன் தன் அகத்தே எரியவில்லை, புறத்தேயிருந்து பாயும் மின்சாரமே அதை ஒளிரச் செய்கிறது என்றார். அணுக்கருச் சேர்க்கையால் பிறக்கவேண்டிய நியூட்ரினோத் துகள்களில் மூன்றிலொரு பங்கே அன்று அகப்பட்டது. அதனை இக்கொள்கையினர் பெருஞ்சான்றாகக் காட்டினர்.

ஆனால் துகள்கள் குறையவில்லை, வரும் வழியில் வகை மாறியிருந்தன. கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002இல் எல்லா வகைகளையும் சேர்த்து அளந்தபோது கணக்கு நேராயிற்று. மேலும், 1962இல் மாரினர்-2 விண்கலம் கண்ட சூரியக் காற்று வெளிநோக்கியே வீசியது. சூரியனுக்கு ஆற்றலூட்டும் உள்நோக்கிய பெருமின்னோட்டத்தை எக்கலமும் காணவில்லை.

நம் பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் தெரியும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 புறப்பட்டதும் ஒரு செப்டம்பர் 2ஆம் நாளில்தான், 2023இல். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அது சூரியத் துகள்களையும் காந்தப் புலத்தையும் அளந்து வருகிறது.

‘அறிஞருலகம் மறைத்த உண்மை’ என்னும் விளம்பரத்தோடு மின்சூரியக் கொள்கை இன்றும் நம் பிள்ளைகளின் கைப்பேசியில் வந்து சேர்கிறது. பெரியோர் மறுத்தனர் என்பதால் ஒரு கூற்று பொய்யாகிவிடாது. அதனாலேயே மெய்யாகியும் விடாது. தாலமியின் வானியலை ஐயுற்று ‘அஷ்ஷுகூக்’ எழுதிய இப்னுல் ஹைதம், தம் ஐயங்களுக்குக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். பிர்க்லாந்தை உயர்த்தியதும் ஜூர்கென்ஸை வீழ்த்தியதும் அளவைதான். அதைக் கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.