பறை: தோலா, ஃபைபரா?

பறையாட்டப் போட்டி எங்கே நடந்தாலும், நம் தூத்துக்குடியிலும்தான், முடிந்ததும் நமக்குள் வாக்குவாதம்: அடவு கூடி அடி குறைந்துவிட்டதா? தோலா, ஃபைபரா?

இதற்கு முன்னொரு சண்டை உண்டு. சாவுக்குப் பறையடிப்பது சாதி சுமத்திய ஊழியம், கருவியையே விட்டெறிவோம் என்றனர் ஒரு சாரார். மேடையேற்றி மீட்போம் என்றனர் மற்றவர். அடிக்க மறுத்தவர்கள் ஊரில் அடிவாங்கினார்கள். பெரும்பாலும் ஆண்களே அடித்துவந்த பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழு தலித் பெண்கள் கைக்குக் கொண்டுவந்தது. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ.

தோல்பறையைத் தீயில் காய்ச்ச வேண்டும், ஈரத்தில் தொய்ந்துவிடும். ஃபைபருக்கு அந்தப் பாடில்லை, வசதிதான். ஆனால் மாட்டுத்தோலைத் தொட்டதைச் சொல்லித்தானே நம் முன்னோரைத் தள்ளிவைத்தார்கள்? தோலைக் கழற்றிவிட்டுக் கலையை மட்டும் கொண்டாடினால் அது யாருக்கு வசதி, தோழர்களே? கல்லூரி மேடைக்குக் கைதட்டுபவரிடம், அவர் ஊரில் சாவுக்கு இன்றும் யார் அடிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.