குடிமராமத்து: ஊர் கூடிக் கரை காத்த வரலாறு

சிவகாசி, விஸ்வநத்தம் என்றதும் எல்லோருக்கும் பட்டாசுதான் நினைவுக்கு வரும். இந்தத் தொழில் இங்கே வேரூன்ற வறண்ட வானிலையும் ஒரு காரணம். இங்கு வற்றாத ஆறு கிடையாது. மழைநீரைக் கண்மாயில் தேக்கினால்தான் வெள்ளாமை. அந்தக் கண்மாய்களை அக்காலத்தில் யார் பராமரித்தார்கள்?

ஊர் மக்களேதான். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். மழைக்கு முன்பே ஊர் கூடித் தூர் வாரி, வரத்துக்கால் வெட்டி, கரையை உயர்த்துவார்கள். பிட்டுக்கு மண் சுமந்த கதை நமக்குத் தெரியும். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது பாண்டியன் ஆணை. ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவபெருமானே கூலியாளாக வந்தாராம். இது புராணம்தான். ஆனால் அந்த வழக்கம் மக்களுக்குப் பழக்கமானது என்பது இதிலிருந்து தெரிகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ‘ஏரி வாரியம்’ பற்றிக் கூறுகின்றன.

உழைப்புக்குப் பலனும் இருந்தது. வாரிய கரம்பை மண் வயலுக்கு உரமானது. பல ஊர்களில் கண்மாய் மீன், கரை மரங்களின் வருமானம் பராமரிப்புக்கே போனது. குறையும் உண்டு: கடினமான வேலை பெரும்பாலும் ஏழைகள் தலையில்தான் விழுந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் வரி கஜானாவுக்குப் போனது, அதிகாரம் அரசுத் துறைக்குப் போனது. 1858ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வழக்கப்படி வேலைக்கு வராதவர்கள் பணம் கட்டவேண்டும் என்றது அது. உரிமையை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் யார் வருவார்? வழக்கம் தேய்ந்தது. பிறகு பம்புசெட் வந்தது, கண்மாயை நம்புவோர் குறைந்தனர். வரத்துக்கால்களில் சீமைக்கருவேலம் மண்டியது.

மக்கள் மனம் வைத்தால் முடியும் என்பதற்குப் பஞ்சாபின் காளி பெயின் ஆறு சாட்சி. 2000ல் துறவி பல்பீர் சிங் சீச்சேவால் தலைமையில் தொண்டர்கள் இறங்கி, சுமார் 160 கி.மீ. நீளமுள்ள அந்த ஆற்றில் ஆகாயத்தாமரையை அகற்றிக் கரைகளைச் சீராக்கினார்கள். 2006ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நேரில் சென்று பாராட்டினார்.

தமிழக அரசும் 2017ல் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. செலவில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல முயற்சிதான். ஆனால் வரலாறு சொல்லும் பாடம் ஒன்று உண்டு: கண்மாயின் வருமானத்திலும் முடிவுகளிலும் ஊருக்குப் பங்கு இருந்தால்தான் மண்வெட்டி தானாக வரும்.