கலம் மாறும் இசை

மனிதன் தேடிய செல்வங்களுள் இசையைப்போலக் கலத்தை நம்பி நிற்பது பிறிதொன்றில்லை. நெல்லைக் கூடையிலிருந்து சாக்குக்கு மாற்றினால் நெல் நெல்லாகவே இருக்கும். பாட்டின் நிலை அத்தகையதன்று. நாவிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து அச்சுத்தாளுக்கும், இசைத்தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கும் அது மாறுந்தோறும் ஏதோ ஒன்று கூடுகிறது. ஏதோ ஒன்று குறைகிறது. இக்காலத்தில் அன்ட்ரொயிட் முறைமையில் இயங்கும் கைத்தொலைபேசியை விட்டு ஐபோனுக்கு மாறுவோரும், ஐபோனை விட்டு அன்ட்ரொயிட்டுக்கு மாறுவோரும் இவ்வுண்மையை நன்கு அறிவர். பாட்டு வந்து சேர்கிறது. பாடியவர் பெயர் வந்து சேர்வதில்லை. பெயர் வந்தாலும் ஆண்டாண்டாகத் தொகுத்த வரிசை குலைந்துவிடுகிறது. இஃது இந்நூற்றாண்டிற்கே உரிய இடர்போலத் தோன்றலாம். ஆயினும் தமிழிசையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு இது மிகப் பழைய கதையே.

அக்கதையின் முதல் ஏடு தில்லையில் விரிகிறது. தேவாரப் பதிகங்கள் எழுதப்பெற்ற ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டப்பெற்றுக் கிடந்தன என்றும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அவ்வறையைத் திறந்தபோது அவை கறையானுக்கு இரையாகி, ஒரு பகுதியே எஞ்சியிருந்தது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். எஞ்சிய ஏடுகளில் சொல் இருந்தது, பண் இல்லை. ஓலை எழுத்தைத் தாங்குமேயன்றி ஓசையைத் தாங்காது. ஆகவே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிலே தோன்றி எருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த பெண் ஒருத்தியைக் கண்டு, அவள்வழியாகவே பதிகங்களுக்குப் பண்முறை வகுத்தனர் என்பது அப்புராணம் சொல்லும் செய்தி. ஏடு காப்பாற்றத் தவறியதை ஒரு குடும்பத்தின் நினைவு காப்பாற்றிற்று. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் பாடுதற்கு 48 பிடாரரையும், அவர்க்குப் பக்கமாக வாத்தியம் முழக்க இருவரையும் நியமித்து நெல் அளந்தான் என்று கல்வெட்டுக் கூறுகிறது. பண்ணைக் காக்க வேண்டுமாயின் பாடுவோரைக் காக்க வேண்டும் என்பதை அம்மன்னன் உணர்ந்திருந்தான்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலும் கரையோர ஊர்களிலும் இதே நிலையைக் காணலாம். கத்தோலிக்க மக்களிடையே வழங்கிவந்த நாட்டுக்கூத்துகளின் பாடல்கள் முதலில் ஏட்டிலும், பின்னர் எழுதுகொப்பிகளிலும் அண்ணாவிமாரின் கையில் இருந்தன. அவற்றில் பாட்டின் சொற்கள் உண்டு. இன்ன பாட்டின் மெட்டு என்னும் குறிப்பும் உண்டு. அந்த மெட்டை அறிந்தவர் இருக்கும்வரை அக்குறிப்பு ஒரு திறவுகோல். அறிந்தவர் மறைந்தபின் அது வெறும் சொல். கரைவலை இழுப்போர் பாடிய அம்பாப் பாடல்களுக்கோ ஏடும் இல்லை, கொப்பியும் இல்லை. வலையும் கடலும் தோளின் அசைவுமே அவற்றின் கலம். இயந்திரப் படகும் புதிய வலையும் வந்தபோது அக்கலமே கைவிடப்பட்டது.

இனி, கலம் மாற்றுவதில் இருவகை உண்டு என்பதை ஊர்காவற்றுறையை அடுத்துள்ள கரம்பொன் என்னும் ஊர் ஈன்ற ஓர் அறிஞரின் பணியால் தெளிவாக அறியலாம். 1913ஆம் ஆண்டு கரம்பொன்னிலே பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளார், ஐரோப்பிய நூலகங்களில் மறைந்து கிடந்த பழந்தமிழ் அச்சுநூல்களைத் தேடி உலகிற்கு அறிவித்தவர்களுள் முதன்மையானவர். அவர் கவனத்திற்குக் கொணர்ந்த நூல்களுள் இரண்டு இங்கே கருதத்தக்கன.

முதலாவது, 1554ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் அச்சிடப்பெற்ற செபநூல். அதிலுள்ள மொழி தமிழ்; எழுத்தோ உரோமன். தமிழ் அச்செழுத்து அன்று வார்க்கப்படவில்லை. ஆகவே அச்சியற்றினோர் தம்மிடம் இருந்த எழுத்துப் பெட்டியிலேயே தமிழை அடைக்க முயன்றனர். ல, ள, ழ என்னும் மூன்றற்கும், ந, ண, ன என்னும் மூன்றற்கும் தனித்தனி உரு இல்லாத எழுத்திலே தமிழோசையை எழுதினால் வருவது யாது? தமிழ் அறிந்தவர் ஊகித்துப் படிக்கலாம். அறியாதவர் பிழைபடவே படிப்பர். இது புதிய கலத்தின் வடிவுக்கேற்பப் பொருளை மாற்றியமைத்தல்.

இரண்டாவது, அந்தாம் தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து, அவர் இறந்தபின் 1679ஆம் ஆண்டில் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிடப்பெற்ற தமிழ்-போர்த்துக்கேய அகராதி. அதன் படியொன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியற் பகுதியின் தலைவராய் விளங்கிய காலத்தில், 1966ஆம் ஆண்டு, அதனை நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். புதிதாக எழுத்துக் கோத்து அச்சிட்டிருந்தால் படிப்பதற்கு எளிதாக இருந்திருக்கும். ஆயினும் பழைய அச்சின் பிழையும், எழுத்தின் உருவும், பக்கத்தின் அமைப்பும் மறைந்திருக்கும். நிழற்படமோ உள்ளதை உள்ளவாறே தந்தது. இது பொருளைத் தொடாமற் படியெடுத்தல். மாற்றியமைத்தல் வேறு, படியெடுத்தல் வேறு; இவ்வேறுபாட்டை மறந்தவர் தம் செல்வத்தில் ஒரு பங்கை அறியாமலே இழப்பர்.

இசையுலகில் இவ்வேறுபாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பெரிதும் உணரப்பட்டது. சென்னையில் வாழ்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார், நம் இசையை மேனாட்டுச் சுரக்கோட்டு முறையில் எழுதி 1893ஆம் ஆண்டளவில் வெளியிடலானார். உலகெங்கும் படிக்கப்படும் எழுத்து அது என்பதே அவர் கண்ட பயன். தம் பொருளையும் உடல்நலத்தையும் அப்பணிக்கு ஈந்தார். ஆனால் சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இழைக்கும் கமகம், நிலைத்த புள்ளிகளுக்குள் எளிதில் அடங்குவதன்று. முத்துசுவாமி தீட்சிதர் மரபிலே வந்த சுப்பராம தீட்சிதர், கமகங்களுக்கெனத் தனிக் குறிகள் வகுத்து எழுதிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூல், எட்டயபுரம் அரண்மனையின் ஆதரவால் 1904ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை எழுதுமாறு தூண்டியவர்களுள் சின்னசாமி முதலியாரும் ஒருவர். பொருத்தமான கலம் சமைக்க வல்லவரை ஊக்கிய பெருந்தன்மை போற்றத்தக்கது. அந்நூலும் தெலுங்கெழுத்தில் அச்சானமையால், பின்னர் தமிழெழுத்துக்கு மாறவேண்டியதாயிற்று.

இதற்கிடையில் ஓசையையே பிடித்து வைக்கும் கலம் பிறந்துவிட்டது. 1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலியை உருளையிற் பதிந்தார். பத்தாண்டுக்குப் பின் பெர்லினர் அதனைத் தட்டையான தட்டில் அமைத்தார். 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவிலே கௌஹர் ஜான் என்னும் பாடகியின் பாட்டு இசைத்தட்டில் பதியப்பட்டது. தட்டுகள் செருமனியிலுள்ள ஹனோவர் நகரில் அச்சாகி வந்தன. அங்குள்ள தொழிலாளர் பாடியவரை அறியார். ஆதலால் பாட்டு முடியுமிடத்தில் அவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. பாட்டோடு பெயரையும் ஒரே கலத்தில் வைத்துவிட்டால் பெயர் தனியே தொலைந்து போகாது; இன்றைய கைத்தொலைபேசிக்கும் பொருந்தும் நெறி இது. இசைத்தட்டு தந்தது பெரிது, கொண்டதும் சிறிதன்று. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமளவே ஒலிக்கும். விரிவான இராக ஆலாபனை அந்த அளவுக்குள் வெட்டிச் சுருக்கப்பட்டது.

1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1949ஆம் ஆண்டில் இலங்கை வானொலி எனப் பெயர் பெற்ற நிலையத்தின் தமிழ்ப் பாடல்களைக் கேட்க, ஈழத்தில் மட்டுமன்றித் தமிழகத்திலும் மக்கள் காத்திருந்தனர். எனினும் வானொலி வழங்குவது, சேமிப்பதன்று. கேட்ட பாட்டைக் கேட்டவர் வைத்திருக்கும் வாய்ப்பு, 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகஞ் செய்த கசெற் நாடாவினாலேயே எளிய வீடுகளுக்கும் வந்தது. ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றுக்கு யாரும் படியெடுக்கலாம். ஆனால் படியிலிருந்து படி, அதிலிருந்து மற்றொரு படி என்று செல்லச் செல்ல இரைச்சல் மிகுந்து பாட்டு மங்கிற்று.

1990ஆம் ஆண்டை அடுத்துப் போரினால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீடு விட்டுச் செல்வோர் எடுத்துச் செல்லக்கூடியது சிறிது. மின்சாரம் அற்ற யாழ்ப்பாணத்தில், மின்கலமும் கிடைத்தற்கரிதாகிய அந்நாட்களில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலியும் நாடாவும் கேட்டனர். பாட்டைக் காத்தாற் போதாது, அதை ஒலிக்கச் செய்யும் கருவியும் அதனை இயக்கும் ஆற்றலும் வேண்டும் என்பதை அத்துன்பக் காலம் கற்பித்தது. அதற்கு முன்னரே, 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை அன்றே உலகை விட்டு நீங்கின. ஒரே படி வைத்திருப்பது வைத்திராமைக்கு அடுத்த படி என்னும் பாடம் தமிழர் பெருவிலை கொடுத்துக் கற்றதாகும். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் முயற்சி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்மிய வடிவில் திரட்டி எவரும் படிக்க வைத்திருப்பது இப்பாடத்தின் பயனே.

இப்பின்னணியில் இன்றைய கைத்தொலைபேசியை நோக்குதல் தகும். ஐபோன் 2007ஆம் ஆண்டிலும், அன்ட்ரொயிட் முறைமையில் இயங்கும் முதலாவது கைத்தொலைபேசி 2008ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. இரண்டும் பாட்டை எண்களாகவே வைத்திருக்கின்றன. எண்களைப் படியெடுத்தால் நாடாவைப்போல இரைச்சல் கூடுவதில்லை. நூறாவது படியும் முதலாவது படியும் ஒன்றே. ஆனால் எம்.பி.3 போன்ற சுருக்க வடிவங்கள், செவி பெரிதும் கவனியாத ஒலிக்கூறுகளை நீக்கியே பாட்டைச் சுருக்குகின்றன. அவ்வாறு சுருங்கிய ஒன்றை மற்றொரு சுருக்க வடிவுக்கு மாற்றினால் மேலும் சிறிது இழப்பு நேரும். எம்.பி.3 இருவகைக் கைத்தொலைபேசியிலும் ஒலிக்கும். ஆதலால் அதனை மாற்றியமைக்கத் தேவையில்லை, படியெடுத்தலே போதும். அடிகளாரின் நிழற்படப் பதிப்பு உணர்த்தும் நெறி இங்கும் பொருந்துகிறது.

தடைகள் வேறிடத்தில் உள்ளன. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியைக் கணினியோடு இணைத்தால் அதன் கோப்புறைகள் திறந்த அலுமாரிபோலக் காணப்படும். பாட்டை எடுக்கலாம், வைக்கலாம். ஐபோனின் இசைப் பெட்டகத்தில் பாட்டை வைக்க அதற்கென அமைந்த செயலியின் வழியே கணினியிலிருந்து செல்லவேண்டும். அப்பிள் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய விற்பனையகத்தில் முதலில் விற்ற பாடல்கள், அந்நிறுவனம் இசைந்த கருவிகளில் மட்டும் ஒலிக்குமாறு பூட்டப்பட்டிருந்தன. 2009ஆம் ஆண்டில் அப்பூட்டு நீங்கிற்று. மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கும் பாடல்களோ கேட்பவர் உடைமையே அல்ல. கட்டணம் நின்றால் பாட்டும் நிற்கும். அவை இரவற் பொருள்கள், செல்வமெனக் கொள்ளத்தக்கனவல்ல.

மற்றொரு தடை தமிழருக்கே உரியது. யுனிகோட் நியமம் 1991ஆம் ஆண்டில் தமிழ் எழுத்துகளுக்குத் தனியிடம் வழங்கியபோதிலும், அதன்பின் நெடுங்காலம் ஈழத்தமிழர் பாமினி முதலிய எழுத்துருக்களிலேயே தட்டெழுதினர். அவை உரோமன் எழுத்துக்குரிய இடத்திலே தமிழ் உருவைப் பொருத்தியவை. அவ்வாறு எழுதிவைத்த பாட்டுப் பட்டியலையும் பாட்டின் சொற்களையும் அவ்வெழுத்துரு இல்லாத புதிய கைத்தொலைபேசியிலே திறந்தால், பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலே கண்ணிற்படும். 1554ஆம் ஆண்டின் லிஸ்பன் அச்சுக்கூடத்தார் பட்ட அதே இடர், 400 ஆண்டுக்குப் பின்னும் தமிழரை விட்டகலவில்லை! பாமினியை யுனிகோட்டாக மாற்றும் கருவிகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. இந்த ஒன்றை மட்டும் மாற்றியமைத்தே தீரவேண்டும்.

ஆகவே பாட்டைக் கலம் மாற்றுவோர் கைக்கொள்ளத்தக்க முறை வரலாற்றிலிருந்தே பெறப்படுகிறது. முதலில் கணினியில் ஒரு படியும், வேறோர் இடத்தில் மற்றொரு படியும் வைத்தல் வேண்டும். பாடியவர் பெயர், பண், பதிந்த ஆண்டு, பதிந்த ஊர் ஆகியவற்றைப் பாட்டின் கோப்புக்குள்ளேயே தமிழிலே பொறித்தல் வேண்டும். வரிசைப் பட்டியல் பாட்டுக்குள் இல்லை. ஆகையால் அதனைத் தனியே எழுதிவைத்தல் வேண்டும். புதிய கைத்தொலைபேசியில் பாடல்களை எண்ணிப் பார்த்து, சிலவற்றையேனும் முழுவதும் கேட்ட பின்னரே பழையதைத் துடைத்தல் வேண்டும்.

விற்பனைக்கு வந்த திரைப்பாடல் தொலைந்தால் மீண்டும் பெறலாம். அது பல்லாயிரம் வீடுகளில் உண்டு. ஆனால் தீவகத்திலிருந்து உலகெங்கும் சிதறிச் சென்ற குடும்பங்களின் கைத்தொலைபேசிகளில், ஒரு தாத்தா பாடிய கூத்துப் பாட்டும், ஒரு அம்மம்மா பாடிய தாலாட்டும் ஒரே ஒரு படியாகக் கிடக்கின்றன. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணைப்போல மெட்டறிந்து மீண்டும் பாடிக் கொடுக்க எல்லா ஊரிலும் ஒருவர் எஞ்சியிருப்பார் என்று எண்ணுவதற்கில்லை. அத்தகைய பாட்டுகளே முதலிற் படியெடுக்கப்படவேண்டியவை.